ஒன்பதாம் விதியும் ஒரு வட்ட முத்திரையும்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள், பிறகு பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்க்கிறார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெற்றது ஒரு கணினி மொழியின் பராமரிப்புக் குழுவிலிருந்து. அதில் சம்பளம் கிடையாது, ஆகவே ஓய்வூதியமும் கிடையாது. "சம்பளமே இல்லாத வேலைக்கு ரிட்டயர்மென்ட்டு ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சி" என்று அம்மா செய்யூர் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நடத்துநர் எனக்கு அனுதாபத்தோடு டிக்கெட் கொடுத்தார்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் மொழியில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஓர் இயந்திரமே வாசித்து, சரி, தவறு என்று சொல்லப்போகிறதாம். அதற்கு முன்னால் மனிதர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று அறிய ஆவலாம். அந்த இயந்திரத்துக்கு நான் தயாரித்த சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்துத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மொழியின் பெயர் கொண்டல். மாமல்லபுரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து ஆரம்பித்தது. கீழக் காற்று விடாமல் அடித்துக் காகிதங்களைப் பறக்கவிட்டதால் அந்தக் காற்றின் பெயரையே வைத்தார்களாம். பெரிய நிறுவனங்கள் கொண்டலைத் தொடாது. தனியார் பஸ்ஸின் டிக்கெட் கருவி, கல்யாண மண்டபத்தின் முன்பதிவு, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ரிப்போர்ட் என்று சின்னச் சின்ன இடங்களில் ஓடும். ஓடுகிறது என்று அந்த இடத்துக்காரர்களுக்கே தெரியாது. நின்றால் தெரியும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி, பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளர் வேலை, போக வர கம்பெனி வேனில் ஜன்னலோர இருக்கை. அந்த இருக்கையில்தான் கொண்டலின் விளக்க ஆவணங்களைத் திருத்த ஆரம்பித்தேன். இரண்டு வருடம் ஆவணம், ஒரு வருடம் சோதனை, அதற்குப் பிறகு வெளியீட்டுப் பொறுப்பாளர். மொழியின் புதிய பதிப்பு தயாரானதும் அதைச் சரிபார்த்து, குறிப்பு எழுதி, உலகத்துக்கு விடுபவர்தான் வெளியீட்டுப் பொறுப்பாளர். அந்தப் பொறுப்புக்கு நான் திறமையால் வரவில்லை. கூட்டத்தில் "யாரிடம் பட்டியல் இருக்கிறது?" என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது.

நான் பொறுப்பேற்றபோது சரிபார்ப்புப் பட்டியலில் ஏழு விதிகள். விலகியபோது நாற்பத்தொன்று. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். மாற்றத்தோடு எழுத வேண்டிய ஒருவரிக் குறிப்பில் "சும்மா" என்று மட்டும் எழுதியவருக்காக இருபத்திரண்டாம் விதி வந்தது. நீ என்னுடையதை ஒப்புக்கொள், நான் உன்னுடையதை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்த அண்ணன் தம்பி இருவருக்காக முப்பத்தொன்றாம் விதி வந்தது. ஒன்பதாம் விதி மட்டும் பொதுவானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு மாற்றத்தின் குறிப்பு, அந்த மாற்றத்தில் உள்ளதையே சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் வெளியீட்டுப் பொறுப்பாளர் மாற்றத்தை உடனே நீக்கிவிட்டு, காரணத்தை, எவரும் படிக்கக்கூடிய பொது மடற்குழுவில் விளக்கி எழுத வேண்டும்.

இதையெல்லாம் மேற்பார்த்தவர் தலைமைப் பராமரிப்பாளர் சாலமன் சார். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்தில் வீடு. அவரோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். அவர் "பிழை" என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார். "எதிர்பாராத நடத்தை" என்பார். மடலுக்குப் பதில் எழுதும்போது நம்முடைய ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்து, அதன் கீழே தன் கருத்தை எழுதுவார். "வணக்கம் சார்" என்ற வரியின் கீழேயும் "கவனித்தேன்" என்று இருக்கும். எதற்கும் சம்மதம் தர மாட்டார். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பார். அது சம்மதமா என்று கேட்டால் அதற்கும் ஆட்சேபணை இல்லை என்பார். குழுவினர் எல்லோரும் போனில் கூடும் கூட்டுப் பேச்சுகளில் கடற்கரையில் நடந்துகொண்டேதான் கலந்துகொள்வார். காற்று மட்டும்தான் எங்களுக்குக் கேட்கும். பலமாக அடித்தால் மறுக்கிறார், மெல்ல அடித்தால் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு நாங்கள் முடிவுகளை எழுதுவோம். ஒரு முடிவையும் அவர் பின்னால் மறுத்ததில்லை.

இனி அந்த வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழுவின் மூத்த நிரலாளர் முருகவேல் ஒரு மாற்றம் சேர்த்திருந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், குழுவில் எனக்கு இருந்த ஒரே நண்பர். மாற்றத்தின் குறிப்பு "இடைவெளி சீரமைப்பு" என்று இருந்தது. நிரல் வரிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களைச் சரிசெய்வதை அப்படிச் சொல்வோம். ஒருவரும் திறந்துகூடப் பார்க்காத வகை மாற்றம்.

புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில் நான் திறந்து பார்த்தேன். அதில் ஓர் இடைவெளியும் சீராகவில்லை. கோப்புகளைத் திறக்கும் பகுதியில் புதிதாக ஆறு வரிகள் இருந்தன. ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும்தான் வெளியாளுக்குக் காட்ட வேண்டும் என்பது அந்தப் பகுதியின் வேலை. இந்த ஆறு வரிகள், கோப்பின் பெயருக்குள் ஒளிந்து வரும் சில குறிகளைத் தடுத்தன. அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றாம் விதிப்படி சோதித்தேன். பக்கத்து உறை, அதற்கும் பக்கத்து உறை என்று எல்லாமே திறந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் ஒரு நிமிடம் நிறுத்தியிருப்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது குறிப்பு பொருந்தவில்லை என்பது ஒன்றுதான். மாற்றத்தை நீக்கினேன். பொது மடற்குழுவில் நான்கு பத்தி எழுதினேன். அதிலிருந்து சில வரிகள்: "இதை இடைவெளி சீரமைப்பு என்று ஏற்க முடியாது. இம்மாற்றம் இல்லாதபோது, கீழ்க்காணும் முகவரியைப் போல எழுதினால் சேவையகத்தில் உள்ள எந்தக் கோப்பையும் எவரும் வாசிக்க முடிகிறது. ஆகவே இதைத் தனித் தலைப்பில் முறைப்படி விவாதிக்க வேண்டும்." கீழே எடுத்துக்காட்டு முகவரி, படிப்படியான செயல்முறை, எதிர்பார்க்கும் விளைவு. பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கதவை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்றும் எழுதி ஒட்டியிருந்தேன்.

பாராட்டுகள் வந்தன. "மிகத் தெளிவான விளக்கம், பவித்ரா" என்று இருவர் எழுதினார்கள். ஒருவர் எடுத்துக்காட்டை முயன்று பார்த்து, தன் கணினியிலும் வேலை செய்வதாக மகிழ்ச்சி தெரிவித்தார். சாலமன் சார், என் நான்கு பத்தியின் ஒவ்வொரு வரிக்கும் கீழே "கவனித்தேன்" என்று எழுதினார்.

முருகவேல் போன் செய்தார்.

"இன்னா பவி, இப்டிப் பண்ட்ட?"

"குறிப்பு பொருந்தல அண்ணா. ஒன்பதாம் விதி."

"உன் விதில இடி வுழ. அது செக்யூரிட்டி ஃபிக்ஸு. உள்ள இன்னா கீதுன்னு எழுதுனா திருடனுக்கு வழி காட்ன மாரி ஆவும்னுதான் ஒப்புக்கு ஒண்ணு போட்டேன். புது வெர்ஷன் வர்ற வரிக்கும் எவனும் தொறந்து பாக்கக் கூடாதுன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ரகசியக் குழுவுல நீ இல்லியே."

"ஏன் இல்ல?"

கொஞ்சம் தயங்கினார். "சார்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணு எல்லாத்தயும் எழுதி வெக்கும், வேணாம்னு."

ரகசியக் குழு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் இருந்தவர்கள் சாலமன் சாரும் முருகவேலும்.

மறுநாள் வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவள் எலிசா. அச்சரப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். "அக்கா, நான் ரகசியமா சொன்னத நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க. இப்ப என் வேலை போவப்போவுது. பேச முடியுமா?" அவ்வளவுதான். என் பெயரையும் மடல் முகவரியையும் பொது மடலிலிருந்து எடுத்திருந்தாள்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அச்சரப்பாக்கம் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவளுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள், என்னைவிட ஒழுங்காக.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கடப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்திருக்கிறார். "ஏம்மா, எனுக்கு சுகர் டெஸ்டு எடுக்கச் சொன்னா, ஆம்பளைங்களுக்கு வர்ற புராஸ்டேட்டு டெஸ்டு எடுத்து வெச்சிகீறீங்களே" என்று சண்டை. நிலையம் அனுப்பிய இணைப்பை மகன் மருமகளுக்கு அனுப்பி, மருமகள் மாமியாருக்கு அனுப்பியதில் நடுவே இரண்டு குறிகள் மாறி, வேறு யாரோ ஒருவரின் ரிப்போர்ட் திறந்திருக்கிறது. எலிசா அதை விடாமல் ஆராய்ந்து, கோளாறு நிலையத்தில் இல்லை, அதற்கும் அடியில் இருக்கும் மொழியில் என்று கண்டுபிடித்திருக்கிறாள். கொண்டலின் தளத்துக்குப் போய், பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்கும் முறையைப் படித்திருக்கிறாள்.

"அதுல போட்டிருந்துச்சிக்கா. 'குறையைத் தெரிவிக்கும் முன் குறைந்தது பத்து முறை வெவ்வேறு கோப்புகளில் சோதித்து உறுதி செய்க'ன்னு. அதான் என் போன்லருந்து பத்து பேரு ரிப்போர்ட்டத் தொறந்து பாத்தேன். உள்ள இன்னா இருக்குன்னுகூட படிக்கல. தொறந்துச்சின்னு எழுதி அனுப்பிட்டேன்."

ஆவணம் திருத்திய காலத்தில் அந்த வரியை எழுதியது நான், தெரிவிப்பது யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்காமலே. ஆறு என்று இருந்ததை, போதாது என்று பத்தாக மாற்றியதும் நான். அதை அவளிடம் சொன்னேன்.

"அதயும் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாள்.

மீதியும் வந்தது. புதன்கிழமை என் மடல் வெளியான சில மணி நேரத்தில், நிலையத்தின் மேலாளர் தாமோதரனுக்கு, பெயர் தெரியாத எண்ணிலிருந்து அவருடைய சொந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "ஸ்வீட்டை கம்மி பண்ணுங்க சார்." தாமோதரனுக்கு ரத்தக்கொதிப்பும் உண்டு. சேவையகத்தின் பதிவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதில் பத்துப் பேரின் ரிப்போர்ட்டை எலிசாவின் போன் திறந்தது வரிசையாக இருந்தது. அவளுடைய கடவுச்சொல்லை அன்றைக்கே முடக்கிவிட்டார்.

"மொழில ஓட்ட, நான் கண்டுபிடிச்சிச் சொன்னேன்னா, 'மொழில எப்டிமா ஓட்ட வரும், இன்னா கத வுட்ற'ன்னு கேக்கறாரு. திங்கக்கெழம பத்து மணிக்குள்ள, தப்பு உன்னுதில்லன்னு அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டருந்து எழுதி வாங்கினு வா, இல்லன்னா போலீஸ் கம்ப்ளைண்ட்டுன்னு சொல்லிட்டாரு." சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. டம்ளரை மட்டும் மேசையில் ஒரே இடத்தில் வைத்து வைத்து எடுத்தாள். "எங்க வூட்ல நாற்காலில உக்காந்து வேல பாக்கற மொத ஆளு நான்தான்கா. கம்ப்ளைண்ட்டு ஆச்சின்னா அப்புறம் எவன் என்னக் கம்ப்யூட்டராண்ட உட்டுவான்?"

திங்கட்கிழமை பத்து மணிக்குள் எழுதி வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது எங்கள் குழுவைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவசரக் கூட்டுப் பேச்சு. முருகவேலின் ஆறு வரிகளும் திரும்பச் சேர்ந்துவிட்டன. புதிய பதிப்பு தயார். மீதி இருந்தது வெளியீட்டுக் குறிப்பு மட்டும். எலிசாவின் நிலைமையைச் சொல்லி, குறை நம்முடையது, முறைப்படி தெரிவித்தவர் இவர் என்று குறிப்பில் எழுத வேண்டும் என்று கேட்டேன்.

விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. குறை என்று எழுதினால் மொழி மட்டமானது என்று ஆகிவிடும் என்றார் ஒருவர். பலவீனம் என்று போடலாமா என்றார் இன்னொருவர். அது மொழிக்கு உடம்பு சரியில்லாத மாதிரி ஒலிக்கிறது என்று கைவிட்டார்கள். தெரிவித்தவரின் பெயரைப் போட்டால் இதுவரை தெரிவித்தவர்கள் எல்லோரும் கேட்பார்களே என்று ஒரு கவலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்புக் குறைகளைப் பற்றி முப்பது நாள் வாய் திறக்கக் கூடாது என்பது ரகசியக் குழுவின் நடைமுறை.

"முப்பது நாள்ல அந்தப் பொண்ணு ஜெயிலுக்கே போய் வந்துரும் சார்" என்றார் முருகவேல்.

காற்று பலமாக அடித்தது.

"சார், ரகசியம் புதன்கிழமையே போயிடுச்சு. நான்தான் போக்கினேன். எடுத்துக்காட்டோட ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே முப்பது நாள் வாயை மூடிக்கிட்டா நாம காப்பாத்தறது நம்ம பேரை மட்டும்தான்" என்றேன்.

இந்த முறை காற்றையும் மீறிச் சாலமன் சாரின் குரல் கேட்டது. "வழக்கமான வாசகமே போதும். 'பல்வேறு மேம்பாடுகள்.' அந்தப் பெண்ணுக்கு நம் அனுதாபத்தைத் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை."

பட்டியலின் முதல் விதி, வெளியீட்டுக் குறிப்பை எழுதுபவர் வெளியீட்டுப் பொறுப்பாளர் என்பது. நான் வருவதற்கு முன்பே இருந்த விதி. அந்த வேலையை வேறு யாரும் செய்ய விரும்பாததால் எழுதப்பட்டது. அன்று மூன்று மணிக்குப் பதிப்பை வெளியிட்டேன். குறிப்பு இது: "கொண்டலின் கோப்பு திறக்கும் பகுதியில் பாதுகாப்புக் குறை ஒன்று இருந்தது. அச்சரப்பாக்கம் எலிசா அதைக் கண்டறிந்து முறைப்படி எங்களுக்கு மட்டும் தெரிவித்தார். அவர் சோதித்தது எங்கள் அறிவுரைப்படி. புதன்கிழமை திருத்தத்தை நீக்கி, குறையைப் பகிரங்கப்படுத்தியது வெளியீட்டுப் பொறுப்பாளராகிய என் தவறு. அனைவரும் உடனே புதிய பதிப்புக்கு மாறவும்." ஒன்பதாம் விதிக்கு முழுமையாகப் பொருந்திய குறிப்பு.

மாலையில் எலிசா போன் செய்தாள். குறிப்பை அச்செடுத்துத் தாமோதரனிடம் காட்டியிருக்கிறாள்.

"ஒத்துக்க மாட்டன்றாருக்கா. 'இன்டர்நெட்டுல எவன் வேணா எத வேணா எழுதுவான். லெட்டர்பேடுல எழுதி, ரவுண்டு சீல் வெச்சி எட்தா'ன்றாரு."

குழுவுக்கு லெட்டர்பேடு கிடையாது. அலுவலகம் கிடையாது. முத்திரை என்று ஒன்று வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மடற்குழுவில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சனிக்கிழமை காலை நான் எழுந்து பார்த்தபோது "முத்திரை வடிவமைப்பு: கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்ற தலைப்பில் நாற்பது மடல்கள் இருந்தன. வட்டமா, நீள்வட்டமா? நடுவில் அலை வேண்டுமா? எந்த எழுத்துரு? அதன் உரிமம் என்ன? முத்திரையில் பதிப்பு எண் இருந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிய முத்திரை செய்ய வேண்டுமே? வெளியீட்டுக் குறிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட முத்திரை எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

முருகவேல் பைக்கோடு வந்தார். செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் முத்திரை செய்யும் கடைகள் உண்டு. முதல் கடையில் ஏறினோம்.

"போஸ்ட்டு இன்னா?" என்றார் கடைக்காரர், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வெளியீட்டுப் பொறுப்பாளர்."

"இன்னாது?"

திரும்பச் சொன்னேன்.

"ரவுண்டுல அவ்ளோ நீட்டு போவாதும்மா. செயலாளர்னு போட்டுக்க. கச்சிதமா குந்தும். எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"நான் செயலாளர் இல்லீங்க."

"யாரு கேக்கப்போறாங்கோ? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு..." என்று ஆரம்பித்தவர் கோர்ட் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணாத்த, இந்தப் பொண்ணுகிட்ட வாதாடாத. அது போடச் சொல்றத போடு" என்றார் முருகவேல்.

போட்டார். "கொண்டல் கணினி மொழிக் குழு" என்பது வெளிவட்டம். உள்வட்டத்தில் "வெளியீட்டுப் பொறுப்பாளர்" எறும்பு வரிசையைப் போல வந்தது. காகிதத்தில் அழுத்தியபோது மை பரவி எதுவுமே படிக்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, பார்ப்பதற்கு அசல் அரசாங்க முத்திரை போலவே இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லெட்டர்பேடு ஒன்றை அச்சடித்து, வெளியீட்டுக் குறிப்பில் இருந்ததையே தேதியும் நேரமும் சேர்த்துக் கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தேன். சனிக்கிழமை மதியம் அந்தப் பதவியில் நான்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாலமன் சாரின் மடல் வந்தது. என்னுடைய எந்த வரியையும் எடுத்துப் போடாமல் அவர் எழுதிய ஒரே மடல் அதுதான். "ஓய்வு பெறும் தங்கள் விருப்பத்தைக் குழு ஏற்றுக்கொள்கிறது. தங்கள் பட்டியல்கள் தொடர்ந்து பயன்படும்." அப்படி ஒரு விருப்பத்தை நான் எங்கும் தெரிவித்ததில்லை. என் பதில் நான்கு பத்தி வந்தது. நான்கையும் அழித்துவிட்டு "கவனித்தேன்" என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பரிசோதனை நிலையத்தில் இருந்தேன். எலிசா முன்கூடத்தில் நோயாளிகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டரில் ஆளில்லை. வெறும் வயிற்றில் வந்தவர்கள் எட்டுப் பேர் டோக்கனோடு நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் மேலாளர் அறைக்குள் போனோம். கதவு திறந்தே இருந்தது.

தாமோதரன் கடிதத்தை வாங்கி முதலில் முத்திரையைப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு கையெழுத்துக்கு வந்தார்.

"பவித்ரா யாரு?"

"நான்தான் சார்."

"நீங்களே எழுதி நீங்களே கொண்டாந்துகீறீங்க. இந்தப் போஸ்ட்டுலதான இருக்கீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். எலிசா என்னைப் பார்க்கவில்லை, அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் பொய் வரவில்லை. அதை நற்குணம் என்று நினைக்க வேண்டாம், பழக்கம்.

"எழுதுன அன்னிக்கு இருந்தேன் சார். இப்ப இல்ல."

எலிசா சட்டென்று திரும்பினாள்.

"இல்லன்னா?"

"நேத்து எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"இத எழுதினதுக்கு."

அவர் காகிதத்தை மேசையில் வைத்து, அதுவரை படிக்காத பகுதியை விரல் வைத்துப் படித்தார். என் தவறு என்று இருந்த வரியில் விரல் நின்றது.

"உன் தப்புன்னு நீயே எழுதி, அதுக்கு உன் போஸ்ட்டும் போயிடுச்சா?"

"ஆமா சார்."

"அப்போ அந்த ஸ்வீட்டு மேட்டரு?"

"யாருன்னு தெரியாது சார். வழி காட்டினது நான். அந்த வழியில வந்தது யாருன்னு எனக்குத் தெரியல. கம்ப்ளைண்ட்டு குடுக்கறதா இருந்தா என் பேர்ல குடுங்க. தேதி, நேரம் எல்லாம் அதுல இருக்கு."

அவர் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். "பதவி போற அளவுக்கு எவன் பொய் எழுதுவான்" என்று முத்திரையைப் பார்த்துச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மடல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை நம்பியிருப்பாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. சாலமன் சார் எலிசாவுக்குச் செய்த பெரிய உதவி அது. அவருக்குத் தெரிவிக்கவில்லை, தெரிந்தால் ஆட்சேபணை இருக்கும்.

தாமோதரன் கடிதத்தை ஒரு ஃபைலில் வைத்துக் கட்டினார். பிறகு எலிசாவைப் பார்த்துக் கத்தினார்.

"எட்டுப் பேரு வெறும் வயித்துல நின்னுகினு கீறாங்கோ. நீ இங்க இன்னா வேடிக்க பாத்துகினு கீற?"

அவள் போய்க் கவுண்டரில் உட்கார்ந்தாள். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். விசைப்பலகையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பாஸ்வேர்டு ஒத்துக்கல. நீங்க நிறுத்தி வெச்சது."

"புதுசு போட்டுகீறேன்மா" என்று அறையில் உட்கார்ந்தபடியே அவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நம்ம லேப் பேரு. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு."

நின்றிருந்த எட்டுப் பேரும் கேட்டார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். எலிசா என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது, பதவி இல்லை. அவள் அதைத் தட்டி உள்ளே போனாள். திரையை யாருக்கும் தெரியாதபடி தன் பக்கம் திருப்பிவைத்து, முதலில் கடவுச்சொல்லை மாற்றினாள். அதற்குப் பிறகுதான் முதல் டோக்கனைக் கூப்பிட்டாள்.